பிரதிநிதி என்றால் யார்? ஒரு சொல்லுக்குப் பல அர்த்தம்



"பிரதிநிதி" என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். தேர்தல் வந்தால் மக்கள் பிரதிநிதி. சங்கக் கூட்டத்தில் தொழிலாளர் பிரதிநிதி. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் பிரதிநிதி. கோர்ட்டுக்குப் போனால் "உங்கள் பிரதிநிதி யார்?" என்று கேட்கிறார்கள். எல்லாம் ஒரே சொல்தான், ஆனால் வேலை வேறு, அதிகாரம் வேறு. ஒன்றை இன்னொன்று என்று நினைத்துக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான். அதனால் இந்த இதழில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சொல்லின் பொருள். இது வடமொழியில் இருந்து வந்தது. "பிரதி" என்றால் ஒன்றுக்குப் பதிலாக இருப்பது. போட்டோப் பிரதி என்கிறோமே, அந்தப் பிரதிதான். "நிதி" என்றதும் பணம் என்று எண்ண வேண்டாம். இந்த இடத்தில் "வைக்கப்பட்டது" என்று அர்த்தம். ஆக, ஒருத்தருக்குப் பதிலாக வைக்கப்பட்டவர் பிரதிநிதி. அப்படியானால் உடனே ஒரு கேள்வி வரும். வைத்தது யார்? நாமா, வேறு ஆளா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

நாம் வைக்காத பிரதிநிதிகள்

நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் தொழிலாளிக்காகத் துரையிடம் பேசினவர் பெரிய கங்காணி. ஆள் கட்டிக்கொண்டு வந்தது அவர், பற்றுச்சீட்டு வைத்திருந்தது அவர், கடன் கணக்கு எழுதினதும் அவர்தான். ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் "துண்டு" வேண்டும். கடனைக் கட்டினால்தான் துண்டு. இந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. கங்காணிமாரில் நல்லவர்களும் இருந்திருப்பார்கள். ஆனாலும் அவரைத் தொழிலாளி தெரிவு செய்யவில்லை. அவர் பிழைப்பு தோட்ட நிர்வாகத்தின் கையில். அப்படிப்பட்டவர் எவ்வளவு தூரம் நமக்காகப் பேசுவார்?

1923 முதல் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கண்டியில் இருந்து நம்ம மக்களின் குறைகளைக் கவனித்தார். அவரும் நாம் வைத்தவரல்ல. இந்திய அரசு வைத்தவர்.

சட்டசபையிலும் இதே கதைதான். 1833இல் இலங்கையில் சட்ட நிரூபண சபை வந்தபோது, உத்தியோகம் பார்க்காத ஆறு உறுப்பினர்களில் மூன்று பேர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொருவர். எல்லாரும் தேசாதிபதி நியமித்தவர்கள்தான். வோட்டு என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கு "தமிழர் பிரதிநிதி" என்றால் தமிழர் அனுப்பினவர் இல்லை, தேசாதிபதி தமிழரில் இருந்து எடுத்தவர். சொல் ஒன்று, சங்கதி வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

வோட்டுப் போட்டு அனுப்பும் பிரதிநிதி

1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தோடு சர்வசன வாக்குரிமை வந்தது. நம்மவர்களுக்கு நிபந்தனைகளோடுதான் வோட்டுக் கிடைத்தது. இருந்தாலும் அந்த ஆண்டு அரசாங்க சபைக்கு அட்டனில் இருந்தும் தலவாக்கலையில் இருந்தும் இந்திய வம்சாவளியினர் போனார்கள். அட்டனில் வந்த பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் இருந்தார். 1936இல் அட்டனில் கோ. நடேசய்யர் வென்றார். அவரும் மனைவி மீனாட்சி அம்மாளும் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சங்கம் கட்டினவர்கள்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. தொண்டமான், இராஜலிங்கம், சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் அந்த ஏழு பேரில் அடக்கம். அதற்குப் பிறகு வந்தது இடி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை அல்லாதவர் பெயரை இடாப்பில் இருந்து எடுத்தார்கள். 1952 தேர்தலில் அந்த ஏழு இடத்தில் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு நியமனம்தான். 1960இல் தொண்டமான் நியமன உறுப்பினர் ஆனார். 1970இல் அசீஸ். இவர்கள் பேசவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நியமித்தது அரசாங்கம். 1977இல் நுவரெலியா மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் மூன்றாம் இடத்தில் வென்றபோதுதான் நம்மவர் ஒருவர் மறுபடி வோட்டினால் பாராளுமன்றம் போனார். இடையில் 30 வருஷம்! அந்த 30 வருஷத்துக்குள்தான் 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு போட்டன. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். யாருடைய வாழ்க்கையைப் பிரித்தார்களோ, அவர்கள் தெரிவு செய்த ஓர் ஆள்கூட அந்த மேசையில் இருக்கவில்லை. பிரதிநிதித்துவம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பிறகு 1986, 1988, 2003 ஆகிய வருஷங்களில் வந்த சட்டங்களால் நாடற்ற நிலை படிப்படியாகத் தீர்ந்தது.

நம்ம இரத்தினபுரிப் பக்கத்துக் கணக்கு

நுவரெலியாவில் நம்மவர்கள் ஒரே இடத்தில் திரளாக இருக்கிறார்கள். நம்ம சப்ரகமுவவில் அப்படியில்லை. எஹலியகொடையில் ஒரு தோட்டம், நடுவில் நாலு சிங்களக் கிராமம், அப்புறம் ஒரு றப்பர்த் தோட்டம், அதற்கப்பால் இன்னொரு டிவிஷன். அதனால் வோட்டும் சிதறிக் கிடக்கிறது.

1978 அரசியல் திட்டத்தில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தது. 1989இல் முதல் பொதுத் தேர்தல் அந்த முறையில் நடந்தது. பாராளுமன்றத்தின் 225 பேரில் 196 பேர் மாவட்டங்களில் இருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலும் வருகிறார்கள். 2024 தேர்தலில் இரத்தினபுரிக்கு 11 இடம், கேகாலைக்கு 9 இடம். இரத்தினபுரியில் அதிக வோட்டு எடுத்த கட்சிக்கு ஓர் இடம் மேலதிகமாகப் போகும். மிச்சம் 10 இடம் வோட்டு விகிதப்படி பங்காகும். அப்படியானால் ஓர் இடம் எடுக்கச் சுமாராகப் பத்தில் ஒரு பங்கு வோட்டு வேண்டும். 100 பேரில் 5 பேருக்குக் குறைந்து எடுத்த கட்சி கணக்கிலேயே சேராது.

இங்கேதான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம். நம்ம ஆட்கள் நாலு சுயேச்சைக் குழுவாகப் பிரிந்து கேட்டால் நாலும் தோற்கும், வோட்டும் வீண். ஒரு பெரிய பட்டியலில் நம்மவர் ஒருவர் இருந்து, ஆளுக்கு மூன்று விருப்பு வாக்கு உண்டே, அதில் ஒன்று அவருக்கு விழுந்து, கூடவே அயல் கிராமத்துச் சிங்கள மக்களும் போட்டால்தான் வாய்ப்பு. 2024 நவம்பர் தேர்தலில் சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரி மாவட்டத்தில் தெரிவானது அப்படி ஒரு பெரிய பட்டியலில் இருந்துதான். பின்பு அவர் பிரதியமைச்சராகவும் நியமனம் பெற்றார். நான் எந்தக் கட்சிக்கும் பேசவில்லை, கணக்கைச் சொல்கிறேன். வேற்று இனத்தவர் வோட்டும் சேர்ந்து வருகிறவர் எல்லாருக்கும் பிரதிநிதி. அது பலவீனம் இல்லை, பலம்தான்.

இன்னொன்று. விருப்பு வாக்குப் போடத் தெரியாமல், கட்சிக்கு மட்டும் புள்ளடி போட்டுவிட்டு வருகிறவர்கள் நம்மில் அதிகம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், தேர்தலுக்கு முன்பே மாதிரி வாக்குச்சீட்டில் பாட்டி தாத்தாவுக்குப் பழக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வோட்டு இருந்தும் வேலை செய்ய முடியாத பிரதிநிதி

இது பலருக்குத் தெரியாது. பிரதேச சபைத் தேர்தலில் நாம் வோட்டுப் போட்டோம், நம்மவர்களும் சில இடங்களில் உறுப்பினர் ஆனார்கள். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், சபைப் பணத்தில் செய்யும் பல வேலைகளைக் கிராமங்களுக்கு என்றே எழுதியிருந்தது. தோட்டம் அதில் சேரவில்லை. லயத்துக்குப் போகிற ரோட்டைப் போடச் சபை உறுப்பினருக்கு மனசு இருந்தாலும் சட்டம் விடவில்லை. "நம்ம ஆளு ஒண்ணும் செய்யல" என்று திட்டினோம். 2018இல் திருத்தம் வந்த பிறகுதான் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை செய்யச் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஆகவே, பிரதிநிதி நாற்காலியில் இருந்தால் போதாது. அந்த நாற்காலிக்கு என்ன அதிகாரம் என்றும் கேட்க வேண்டும். இன்றைக்கு ரோட்டுக்கும் குப்பைக்கும் பிரதேச சபையிடம் கேட்கச் சட்டப்படி வழி உண்டு. கேளுங்கள்.

சங்கப் பிரதிநிதி

தோட்டத் தலைவர், செயலாளர், பொருளாளர், மாதர் தலைவி, மாவட்டத் தலைவர். இவர்கள் 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கச் சட்டப்படி பதிந்த சங்கத்தின் ஆட்கள். இவர்களின் பலம் அங்கத்தவர் தொகையில் இருக்கிறது. தொழில் தருநரோடு பேச வரும் சங்கத்தில், அந்த வேலைத்தளத்துத் தொழிலாளரில் 100க்கு 40 பேருக்குக் குறையாமல் இருந்தால், பேச மாட்டேன் என்று நிர்வாகம் மறுக்கக் கூடாது. 1999இல் கைத்தொழில் பிணக்குச் சட்டத்துக்கு வந்த திருத்தம் இது. ஒரு டிவிஷனில் 80 பேர் வேலை செய்து, ஆறு சங்கத்துக்குச் சந்தா வெட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

சம்பளத்திலும் பிரதிநிதி இரண்டு விதம். முன்பு கம்பனிகளும் சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் பேசிச் சம்பளத்தை முடிவு செய்தன. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் நாளொன்றுக்கு 1000 ரூபா என்று அறிவித்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து விலகின. 2024இல் 1350 ரூபாவும் சம்பள நிர்ணய சபை வழியாகத்தான் வந்தது. அந்தச் சபையில் முதலாளி பக்கத்து ஆட்கள், தொழிலாளி பக்கத்து ஆட்கள், அரசாங்கம் நியமிக்கும் ஆட்கள் என்று மூன்று தரப்பு. அங்கே நம் பக்கத்தில் உட்காருகிறவர் யார், என்ன பேசினார் என்று சங்கக் கூட்டத்தில் கேட்பது மரியாதைக் குறைவல்ல. சந்தா கட்டுகிறவருக்கு அது உரிமை.

கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலைவர்மாரில் பெண்கள் எத்தனை பேர்? உள்ளூராட்சி சபைகளில் 100க்கு 25 இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. நம்ம தோட்டக் கமிட்டிக்குச் சட்டம் வேண்டியதில்லை, மனசு இருந்தால் போதும். மலசலகூடம், பிள்ளைக் காம்பரா, மலையில் தண்ணீர் என்று வரும்போது, அந்தக் கஷ்டம் படுகிறவரே பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வழக்குக்கு நிற்கும் பிரதிநிதி

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். வேலையில் இருந்து நிறுத்தினால் தொழில் நியாயசபைக்குப் போகலாம். தொழிலாளி தானே மனுப் போடலாம், அவருக்காகச் சங்கமும் போடலாம். ஆனால் வேலை நிறுத்திய நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்தில் மனுப் போய்ச் சேர வேண்டும். 2003ஆம் ஆண்டின் திருத்தம் அப்படித்தான் சொல்கிறது.

என்னிடம் ஒரு தொழிலாளி வந்தார். ஊர் பெயர் வேண்டாம். "சேர், நான் தலைவர்கிட்ட சொல்லிட்டேன். அவரு காரியாலயத்துக்குச் சொல்லிட்டாரு. இன்னும் தவால் வரல" என்றார். எத்தனை மாசம் என்று கேட்டேன். எட்டு. யாரும் மனு எழுதியிருக்கவில்லை. தலைவர் பொல்லாதவர் இல்லை. அவர் வாயால் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். 19 வருஷம் வேலை செய்த மனுஷனுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. பெண்சாதி அப்போது பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கக் கடன் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதிலிருந்து படிக்க வேண்டியது: தலைவரிடம் சொல்வது வேறு, நியாயசபையில் பிரதிநிதி வைப்பது வேறு. மனுவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் திகதி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிரதி கையில் இல்லையென்றால் பிரதிநிதி இன்னும் வேலையைத் தொடங்கவில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்குப் பதில் நிற்பவர்

மத்திய கிழக்குக்குப் போகும் சகோதரிகள் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை வைத்திருப்பவர் போடும் கையெழுத்து உங்கள் கையெழுத்து மாதிரி. ஆகவே, எதற்கு மட்டும் என்று தெளிவாக எழுதுங்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்க வேண்டாம். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்தது.

ஊழியர் சேமலாப நிதிக்கு நொமினி போடுகிறோம். அவருடைய வேலை நீங்கள் இறந்த பிறகுதான் தொடங்குகிறது. கல்யாணத்துக்கு முன் அண்ணன் பேரைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் உண்டு. யார் பேர் இருக்கிறது என்று ஆபீஸில் ஒருதரம் பாருங்கள்.

மாதிரியும் வேஷமும்

இன்னும் ஓர் அர்த்தம் உண்டு. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், கூடையில் இருந்து ஒரு பிடி எடுத்து நல்ல கொழுந்து எத்தனை, முற்றல் எத்தனை என்று பார்ப்பார்கள். அந்த ஒரு பிடி முழுக் கூடைக்கும் பிரதிநிதி. மேலே இருந்து மட்டும் எடுத்தால் கூடையின் உண்மை தெரியாது, அடியில் இருந்தும் கலந்து எடுக்க வேண்டும். நம்ம தலைவர்மாரைப் பற்றியும் இதே கணக்குத்தான். மேட்டு லயத்தில் இருந்து மட்டும் கமிட்டி எடுத்தால் பணிய லயத்துக் குறை மேலே வராது.

குடிசன மதிப்பும் இப்படிப்பட்டதே. 1911இல் இருந்து இந்தியத் தமிழர் என்று தனியாக எண்ணுகிறார்கள். 2012இல் அந்தத் தொகை 8,39,504. ஆனால் "இலங்கைத் தமிழர்" என்று எழுதினவர்கள் அந்தத் தொகையில் வரமாட்டார்கள். எந்தப் பேரைப் பதிவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் நிதி ஒதுக்கும்போதும் எல்லை வகுக்கும்போதும் இந்தத் தொகைகளைத்தான் முன்னால் வைப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பதியுங்கள்.

மாசி மாதம் காமன் கூத்தில் ரதியாக வேஷம் கட்டும் பையன், காப்புக் கட்டியதில் இருந்து விரதம் இருக்கிறான். ஊரும் அவனை ரதியாகவே பார்க்கிறது. கூத்து முடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிடுகிறான். அதில் ஒழுங்கு இருக்கிறது. பதவியும் அப்படித்தான், காலம் முடிந்தால் இறங்க வேண்டும். தேயிலைப் பக்கெட்டில் சிரிக்கிற கொழுந்துக்காரியும் ஒரு வகையில் நம்ம பிரதிநிதிதான், உலகம் நம்மை அந்தப் படத்தில்தான் பார்க்கிறது. ஆனால் அந்தப் படத்தில் அட்டைக்கடி இல்லை, மழைக்கு றெட்டுக் கட்டின இடுப்பு வலி இல்லை. நம்மைப் பற்றி நம்ம பிள்ளைகளே எழுதவும் பேசவும் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

நாமே நமக்குப் பிரதிநிதி

எல்லாவற்றுக்கும் ஆள் தேட வேண்டியதில்லை. அரசியல் திட்டப்படி நம்ம மாகாணத்தில் நிர்வாக மொழி சிங்களமானாலும், அரச காரியாலயத்துக்குத் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்த அரச நிறுவனத்திடமும் விவரம் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒரு தாளும் ஒரு பேனையும் இருந்தால் போதும்.

கடைசியாக, யாரையாவது "நம்ம பிரதிநிதி" என்று சொல்லும்போது நாலு கேள்வி கேளுங்கள்.

1. இவரை வைத்தது யார்?
2. எந்த வேலைக்கு வைத்தோம்? அதற்கு இவருக்கு அதிகாரம் உண்டா?
3. எவ்வளவு காலத்துக்கு?
4. திரும்பி வந்து நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவரா?

இந்த வருஷ வாக்காளர் இடாப்புப் படிவம் உங்கள் லயத்துக்கு வந்ததா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்க மறக்க வேண்டாம். 18 வயதான பிள்ளைகளின் பெயரைச் சேருங்கள். இடாப்பில் பேர் இல்லாதவருக்கு மேலே சொன்ன நாலு கேள்வியில் முதல் கேள்வியே கிடையாது. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் உள்ள நம்ம நலன்புரி அறைக்கு வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம்.